புல்வெளிக்கு வாடகை

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தினர் யாரும் தங்கள் கூடாரத்துக்குத் தனியாக நடந்து போகக்கூடாது. கென்யாவின் மாசாய் மாரா பகுதியில் உள்ள சஃபாரி முகாம்களில் முதலில் சொல்லப்படும் விதிகளில் ஒன்று இது. மேசையை விட்டு எழுந்ததும் இருட்டிலிருந்து ஒருவர் வந்து நிற்பார். தோளில் சிவப்புக் கட்டம் போட்ட போர்வை, ஒரு கையில் ஈட்டி, மறு கையில் டார்ச். நூறு அடி நடைதான். ஆனால் அந்த நூறு அடிக்குள் எருமை படுத்திருக்கலாம். ஆற்றை விட்டு மேய வந்த நீர்யானை குறுக்கே நிற்கலாம். முகாமைச் சுற்றி வேலி கிடையாது. வேலி இல்லை என்பதற்குத்தான் காசு.

கூடாரம் என்றதும் சாரணர் முகாமோ கல்யாண வீட்டு ஷாமியானாவோ நினைவுக்கு வந்தால் தவறு. சுவரும் கூரையும் கித்தான்தான். ஆனால் கீழே மரத்தளம், கொசுவலை தொங்கும் இரட்டைக் கட்டில், பின்புறம் குளியலறை, சூரிய மின்சாரத்தில் எரியும் விளக்கு. இன்னும் விலை உயர்ந்த இடங்களில் தோல் நாற்காலியும் வாசலில் சின்ன நீச்சல் தொட்டியும்கூட உண்டு. பழைய பாணியை விடாத முகாம்களில் குளியல் தனி அனுபவம். நேரத்தைச் சொல்லிவிட்டால் ஊழியர் விறகடுப்பில் வெந்நீர் காய்ச்சிக் கொண்டுவந்து, கூடாரத்துக்குப் பின்னால் கயிற்றில் தொங்கும் பையில் ஊற்றி மேலே ஏற்றுவார். சோப்பு போவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டால் கித்தான் வழியே குரல் கொடுக்க வேண்டியதுதான். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரி குளிரும். போர்வைக்குள் முன்கூட்டியே வெந்நீர் ரப்பர் பையை வைத்திருப்பார்கள். விஷயம் தெரியாமல் காலை நீட்டி, ஏதோ பிராணி என்று அலறுகிறவர்கள் உண்டு.

இந்தச் சுகத்துக்கு ஆளுக்கு ஓர் இரவுக்குச் சில நூறு டாலரில் தொடங்கி, ஆயிரம், இரண்டாயிரம் என்று போகிறது. மாரா தேசியக் காப்பகத்துக்குள் நுழைவதற்கு வெளிநாட்டவர் தனியே கட்ட வேண்டும். 2024-இல் வந்த கட்டணப்படி நாளொன்றுக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அப்படியும் இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பருப்பும் சப்பாத்தியும் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம் இல்லாத சமணச் சமையலும் சிங்கம் உலவும் காட்டில் கிடைக்கிறது.

விளக்கை அணைத்ததும் காது விழித்துக்கொள்கிறது. கழுதைப்புலியின் குரல் கேள்வி கேட்பதுபோல மேலேறி முடிகிறது. சிங்கம் சினிமாவில் போல கர்ஜிப்பதில்லை. ஆழத்திலிருந்து வரும் நீண்ட முனகல், நின்று நின்று, கடைசியில் வெறும் உறுமலாகத் தேய்ந்து போகும். பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்; பக்கத்து மரத்தடியிலும் இருக்கலாம். உயிருக்கு ஆபத்தில்லாத பயம். முகாம் விற்கும் சரக்குகளில் இதுவே மிக விலை உயர்ந்தது.

இதே நாட்டில், கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு இதே சத்தத்தைக் கேட்ட இந்தியர்கள் முன்பும் இருந்தார்கள். அவர்கள் காசு கொடுத்து வந்தவர்கள் அல்ல. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போட, 1896-லிருந்து 1901 வரை ஆங்கிலேயர்கள் சுமார் 32,000 ஒப்பந்தத் தொழிலாளர்களை இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுபோனார்கள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். 1898-இல் சாவோ ஆற்றில் பாலம் கட்டும்போது இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போயின. வேலையே நின்றுபோனது. கடைசியில் அதிகாரி பேட்டர்சன் இரண்டையும் சுட்டார். பலி 135 என்று அவர் எழுதினார். பிற்கால ஆய்வு அதை 35 அளவுக்குக் குறைத்தது. அந்தச் சிங்கங்கள் இன்று சிகாகோ அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்டு நிற்கின்றன. கூலிகளைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

'சஃபாரி' என்பது ஸ்வாஹிலிச் சொல். பயணம் என்று பொருள். அரபி வேர், இந்திப் பாட்டுகளில் வரும் 'சஃபர்' இதன் உறவுதான். எழுபது, எண்பதுகளில் நம் அரசு அதிகாரிகள் மேலும் கீழும் ஒரே துணியில் சஃபாரி சூட் மாட்டிக்கொண்டு கோப்பு பார்த்தார்களே, அந்த உடையும் இந்தக் காட்டிலிருந்து போனதுதான். பயணத்தை வேட்டையாக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கிய கையோடு 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தார். தோலைப் பதப்படுத்த மட்டும் நான்கு டன் உப்பு. படிக்க, பன்றித்தோல் அட்டை போட்ட தனி நூலகம். எல்லாம் சுமையாட்களின் தலைமேல். அவரும் மகன் கெர்மிட்டும் சுட்ட விலங்குகள் 512. கூடாரத்தில் வெந்நீர், மேசைவிரிப்பு, மாலை மது என்று இன்றைய முகாம் பெருமைப்படும் வழக்கமெல்லாம் அந்த வேட்டை யுகத்தின் மிச்சம்.

1977-இல் கென்யா வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி போய் கேமரா வந்தது. பேச்சு மட்டும் மாறவில்லை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய 'ஐந்து பெரியவர்களை' பார்த்தாயிற்றா என்றுதான் இன்றும் முதல் கேள்வி. நடந்துபோய்ச் சுடுவதற்கு மிக ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் அது. பாவம், ஒட்டகச்சிவிங்கிக்கு அதில் இடமில்லை.

காலை ஐந்தரைக்குக் கித்தானுக்கு வெளியே காப்பித் தட்டு வரும். ஆறு மணிக்கு லேண்ட் குரூசர் கிளம்பிவிடும். முதல் அரை மணி நேரம் எதுவும் தெரியாது. புல், மேலும் புல், தூரத்தில் குடை விரித்த வேலமரம். பிறகு கண் பழகுகிறது. கறையான் புற்று என்று நினைத்தது சிவிங்கிப்புலியாக எழுந்து உட்காருகிறது. தாய். பின்னால் மூன்று குட்டிகள். அரை கிலோமீட்டர் தள்ளி மான் கூட்டம். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்துகிறார். ஒரு மணி நேரம் எதுவும் நடப்பதில்லை. அவள் பத்தடி நகர்கிறாள், உட்காருகிறாள், கொட்டாவி விடுகிறாள். டெலிவிஷன் படங்கள் வெட்டி எறிந்துவிடும் நேரம் இது. நேரில் வந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான், உண்மையில் கிடைக்க வேண்டியதும் இதுதான். அப்புறம் அவள் ஓடுகிறாள். அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அநேகமாக மான்தான் ஜெயிக்கிறது. பசித்த குட்டிகளிடம் அவள் மூச்சிரைக்கத் திரும்பி வருவதைப் பார்த்தபின் கேமராவை எடுக்க மறந்தவர்கள் அதற்காக வருத்தப்படுவதில்லை.

ஆனால் ஓட்டுநர்களிடம் ரேடியோ இருக்கிறது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. வில்டபீஸ்ட் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் மாதங்களில் இந்த விதி தூசியோடு பறக்கும். கரையில் வண்டிகள் திருவிழாத் தேர்போல நெருக்கிக்கொண்டு நிற்கும். 2025 ஜூலையில், தான்சானியப் பக்கத்து செரங்கெட்டியில், பயணிகள் வண்டியை விட்டிறங்கி மந்தை இறங்கும் கரையையே மறித்து நின்ற காணொளி உலகம் முழுக்கப் பரவியது.

இந்த நெரிசலிலிருந்து தப்பிக்கத்தான் பணக்காரர்கள் காப்பகத்துக்கு வெளியே உள்ள முகாம்களைத் தேடுகிறார்கள். அங்கே கண்ணுக்கு எட்டிய வரை வண்டி இல்லை, ஆள் இல்லை, வீடு இல்லை. ஆதி காலத்திலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று தோன்றும். அந்தத் தோற்றம் பொய்.

1890-களில் வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவைத் துடைத்துப் போட்டது. இத்தாலியப் படைக்காக இந்தியாவிலிருந்து வந்த மாடுகளோடு அது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது என்பது பரவலான கருத்து. மாசாய் மக்களின் மாடுகள் செத்தன. பின்னாலேயே பஞ்சமும் அம்மையும். மிஞ்சியவர்களிடம் 1904-இல் ஆங்கிலேயர் ஓர் ஒப்பந்தத்தில் ரேகை வாங்கி, பள்ளத்தாக்கின் நல்ல மேய்ச்சலை வெள்ளை விவசாயிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். நிரந்தரம் என்று சொல்லிக் கொடுத்த வடக்கு லைகிபியாவையும் 1911-இல் பிடுங்கி, அங்கிருந்தவர்களைத் தெற்கே துரத்தினார்கள். மாசாய்கள் நீதிமன்றம் போனார்கள். 1913-இல் வழக்கு தள்ளுபடி. பிறகு தெற்கிலும் விலங்குகளுக்கென்று நிலம் பிரிந்தது: 1951-இல் செரங்கெட்டி தேசியப் பூங்கா, 1961-இல் மாரா சரணாலயம். விலங்குகள் பெருகியதிலும் மாட்டுக்காரர்களுக்குப் பங்கு உண்டு. மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதால் வெக்கை நோய் ஒழிந்தது. 1961-இல் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த செரங்கெட்டி வில்டபீஸ்ட்கள் 1977-இல் 13 லட்சம் ஆயின.

காப்பகத்துக்கு வெளியே எஞ்சிய பொது மேய்ச்சல் நிலம் பிறகு தனித்தனிப் பட்டாக்களாகப் பிரிந்தது. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில்தான் வந்தது. மாடு கறப்பதும் வீடு கட்டுவதும் பெண்கள் வேலை; குத்தகைப் பணம் கணவன் கணக்கில் விழுகிறது. பட்டா வந்தால் வேலியும் வரும். வேலி வந்தால் விலங்கு போகாது, முகாம் பிழைக்காது. அந்தக் கணக்கிலிருந்து பிறந்தவைதான் 'கன்சர்வன்சி' எனப்படும் கூட்டுக் காப்பு நிலங்கள். 2010-இல் தொடங்கிய மாரா நபோய்ஷோ ஓர் உதாரணம். 500-க்கும் மேற்பட்ட மாசாய் நில உரிமையாளர்கள் சுமார் 50,000 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்து முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். மாதாமாதம் வாடகை வருகிறது. பதிலுக்கு அவர்கள் வீடு கட்டக் கூடாது, வேலி போடக் கூடாது, சொன்ன இடத்தில் சொன்ன காலத்தில்தான் மாடு மேய்க்கலாம். சில காப்பு நிலங்களில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்பது வரம்பு. அந்த அமைதியின் விலையில்தான் வாடகையும் அடங்கியிருக்கிறது.

ஆங்கிலேயர் ஒப்பந்தத்தைவிட இது எவ்வளவோ மேல். நிலம் அவர்களுடையது, பணம் வருகிறது, குத்தகைக்கு முடிவுத் தேதி இருக்கிறது. ஆனாலும் எதன் மேல் நிற்கிறது என்பது 2020-இல் தெரிந்தது. கொரோனாவில் விமானங்கள் நின்றன, முகாம்கள் காலியாயின, பல இடங்களில் வாடகை குறைக்கப்பட்டது. அந்த ஆண்டிலும் மாட்டைச் சிங்கம் அடிக்காமல் விட்டுவிடவில்லை.

சிங்கத்தின் பக்கமும் நஷ்டக் கணக்கு உண்டு. 2015 டிசம்பரில், பி.பி.சி. தொடர்களால் உலகப் புகழ்பெற்ற 'மார்ஷ் பிரைடு' கூட்டத்துக்கு மாட்டுக்காரர்கள் விஷம் வைத்தார்கள். பிபி என்ற 17 வயதுப் பெண் சிங்கம் செத்தது. உலகம் அழுதது. செத்த மாடுகளுக்குப் பெயர் யாரும் கேட்கவில்லை.

2025 ஆகஸ்டில், காப்பகத்துக்குள்ளேயே தான்சானிய எல்லையருகில் ஓர் ஆற்றங்கரையில், பன்னாட்டு ஓட்டல் நிறுவனம் ஒன்று கூடாரத்துக்குக் கூடாரம் நீச்சல் தொட்டி வைத்த முகாமைத் திறந்தது. இரவுக்கு ஆளுக்கு 3,500 டாலர் முதல். விலங்குகளின் வலசைப் பாதையை அது அடைக்கிறது என்று ஒரு மாசாய் செயல்பாட்டாளர் வழக்குப் போட்டார். இல்லை என்றது அரசின் வனவிலங்குத் துறை. அந்த ஆண்டு முடிவதற்குள் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

ஈட்டியும் டார்ச்சுமாக விருந்தினரைக் கொண்டுபோய் விடுகிறவர் அநேகமாக அந்த நில உரிமையாளர் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். வீட்டுக்காரர் குடித்தனக்காரருக்கு வெளிச்சம் காட்டுகிறார். கித்தான் கதவைத் திறந்துவிட்டு, ஜிப்பை அடிவரை இழுத்து மூடச் சொல்வார்; குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும். "இன்றைக்குச் சிங்கம் சத்தம் கேட்குமா?" என்று ஆசையாகக் கேட்கும் விருந்தினருக்கு, கேட்கலாம் என்று பதில் சொல்லிவிட்டு இருட்டில் போய்விடுவார். அவருடைய மாடுகள் அந்நேரம் காப்பு நிலத்துக்கு அப்பால், முள் பட்டிக்குள் நெருங்கிப் படுத்திருக்கும். அதே சத்தம் அந்தப் பக்கம் வருகிறதா என்று வீட்டில் யாராவது ஒருவர் விழித்திருப்பார்.