சோகத்தில் தொடங்கி வீடு திரும்பும் பாட்டு

"என்ன மகள், காலையிலயிருந்து இதே பாட்டு?"

2020 ஒக்டோபர். கொவிட் இரண்டாம் அலையால் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டிருந்தன. வாப்பாவின் சிறிய புடவைக் கடையும் பூட்டிக் கிடந்தது. நான் அப்போது தரம் ஏழு. ராத்தாவின் கைபேசியில் தென்கொரியாவின் பி.டி.எஸ். குழு பாடிய 'டைனமைட்' ஓடிக்கொண்டேயிருக்கும். பாங்கு சொல்லும்போது மட்டும் ராத்தா அதை நிறுத்திவிடுவார்.

"கவலையில்லாத பொடியன்மார்" என்று வாப்பா சிரித்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நாட்களில் வாப்பா இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஒரு பகிடியாவது சொல்லாமல் எழும்பமாட்டார். எனக்கோ சூம் வகுப்புக்குச் சொந்தமாகக் கைபேசி இல்லை. ராத்தாவின் வகுப்பும் என் வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தால் விட்டுக்கொடுப்பது நான்தான். ஒருநாள் கைபேசி கேட்டபோதும் அவர் பகிடிதான் சொன்னார். "உங்களுக்குக் கவலையே இல்ல வாப்பா, எல்லாமே பகிடிதான்" என்று கத்திவிட்டு எழுந்து போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். எதையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்த வருட விடுமுறையில் அந்தப் பாட்டையும் பிரித்துப் பார்த்தேன்.

அது கவலையில்லாத காலத்தில் பிறந்த பாட்டு அல்ல. 2020 ஏப்ரலில் சியோல் நகரில் தொடங்கவிருந்த பி.டி.எஸ்.இன் உலகச் சுற்றுப்பயணம் கொவிட்டால் நின்றுபோயிருந்தது. மேடையை நம்பி வாழும் ஏழு பேருக்கு மேடை இல்லை. அந்த நேரத்தில்தான், ஓகஸ்ட் 21ஆம் திகதி, இந்தப் பாட்டை வெளியிட்டார்கள். எழுதியவர்கள் டேவிட் ஸ்டுவர்ட், ஜெசிகா அகோம்பார் என்ற இரண்டு பிரித்தானியர்கள். பி.டி.எஸ். முழுவதும் ஆங்கிலத்தில் பாடிய முதல் பாட்டு இதுதான். அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் இது நேரே முதலிடத்தில் நுழைந்தது. தென்கொரியக் குழுவொன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை.

இனி அதன் உள்ளமைப்பு. இது 1970களின் டிஸ்கோ இசையைத் தழுவியது. ஓர் அளவுக்கு நான்கு தட்டுகள். நான்கிலும் பெரிய மேளம் விழும். நிமிடத்துக்கு 114 தட்டுகள். ஓய்வாக இருக்கும் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். பாட்டு அதைவிடச் சற்று முன்னே ஓடுகிறது. அதனால்தான் கேட்கும்போது கால் தானாகத் தாளம் போடுகிறது போலும். அதன்மேல் பேஸ் கிற்றார், கைத்தட்டல், ஊதுகருவிகள் எல்லாம் சேர்கின்றன.

என்னை நிறுத்தியது வேறொன்று. பாட்டு முழுக்க நான்கு சுரக்கூட்டுகளே பெரும்பாலும் சுற்றிச்சுற்றி வருகின்றன: சி ஷார்ப் மைனர், எஃப் ஷார்ப் மைனர், பி மேஜர், ஈ மேஜர். மைனர் கூட்டுகள் பொதுவாகச் சோகமாக ஒலிப்பவை, மேஜர் மகிழ்ச்சியாக ஒலிப்பவை. ஈ மேஜர்தான் இந்தப் பாட்டின் வீடு. அதாவது, ஒவ்வொரு சுற்றும் சோகத்தில் தொடங்கி, நடந்து, வீட்டுக்கு வந்து சேர்கிறது. உடனே மீண்டும் சோகத்துக்குப் போய் மீண்டும் வருகிறது. கடைசிப் பல்லவியில் முழுப் பாட்டுமே ஒரு படி மேலேறி எஃப் ஷார்ப் மேஜருக்குப் போகிறது. சோகத்தை ஒளித்துவைக்காமல் அதையே முதற்படியாக வைத்துக் கட்டிய உற்சாகம் அது. யாரோ உட்கார்ந்து, கணக்குப் பார்த்து, அடுத்தவருக்காகச் செய்தது.

இதை உம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஒக்டோபரில்தான் என்ட காப்பு ரெண்டையும் அடகு வெச்சம். புள்ளைகளுக்குத் தெரியக்கூடாதென்டு வாப்பா சொன்னார்" என்றார்.

அடுத்த மாதம் எனக்கு ஒரு கைபேசி கிடைத்திருந்தது. அது எங்கிருந்து வந்ததென்று ஐந்து வருடமாக நான் கேட்கவேயில்லை.

அன்றிரவு வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டைப் போட்டேன். சுற்றுப்பயணம் நின்ற கதையைச் சொன்னேன். சோகக் கூட்டு எது, வீடு எது என்று விரலால் தட்டிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு 3 நிமிடம் 19 விநாடிகளில் முடிந்தது.

"அப்ப அவங்களும் கடை பூட்டினவங்கதான்" என்றார்.

"ஓம் வாப்பா. அன்டைக்கி நான் கத்தினதுக்கு மன்னிச்சிக்கோங்க."

"எப்ப மகள்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்று சிரித்தார்.

அவருக்கு ஞாபகம் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு எந்தச் சுரத்தில் தொடங்குகிறதென்றும் இப்போது எனக்குத் தெரியும்.