பழுதை வரவழைக்கத் தெரிய வேண்டும்

புதிதாகக் கூட்டிய கணினி நின்று நின்று போகிறது என்று தூக்கிக்கொண்டு போனால், கொழும்பில் எந்தப் பக்கம் போனாலும் முதலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: போர்மட் பண்ணிப் பார்ப்போம். அதற்கும் மசியாவிட்டால் ராமை மாற்றுவார்கள், பிறகு பவர் சப்ளையை, கடைசியில் போர்டை. ஏதோ ஒன்றை மாற்றிய பிறகு மெஷின் ஒரு மணித்தியாலம் நிற்காமல் ஓடிவிட்டால் வேலை முடிந்ததென்று பில் எழுதப்படுகிறது. எது பழுது, ஏன் பழுது என்று கேட்பாரில்லை. கேட்டாலும் சொல்லத் தெரிந்தவர் குறைவு. இதைப் பார்த்துப் பழகிய சனங்கள், ஸ்க்ரூ முடுக்கத் தெரிந்த எந்தப் பொடியனும் செய்யக்கூடிய வேலைதானே இது என்கிறார்கள். இந்தத் தொழிலில் காலம் கழித்த எவருக்கும் அந்தப் பேச்சு சுடும். பாகம் மாற்றுவது எங்கள் தொழிலின் கடைசிப் படி மட்டுமே. ஒரு பழுதை நினைத்தபோது வரவழைத்து, நினைத்தபோது நிறுத்திக் காட்ட முடிந்தால்தான் அதைக் கண்டுபிடித்ததாக அர்த்தம். அதுவரைக்கும் நடப்பதெல்லாம் ஊகம், அதுவும் அடுத்தவர் காசில்.

புது மெஷினுக்கு போர்மட் ஏன் பதிலாகாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வருடம் ஓடிய மெஷினில் மென்பொருள் குழம்பியிருக்கலாம். நேற்றுக் கூட்டி நேற்றே விண்டோஸ் போட்டதில் குழம்புவதற்கு அதிகமாக எதுவுமில்லை. அதோடு மென்பொருள் பழுதுக்கு ஒரு குணம் உண்டு: பெரும்பாலும் அது ஒரே பெயருடன், ஒரே இடத்தில் வந்து நிற்கும். 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை விழுத்தியபோது, எல்லாவற்றிலும் குற்றவாளி ஒரே ட்ரைவர்தான். வன்பொருள் பழுது அலையும். இன்றைக்கு நீலத்திரை மெமரி மனேஜ்மென்ட் என்று சொல்லும், நாளைக்கு வேறொரு பெயர் சொல்லும், மறுநாள் பிரவுசர் மட்டும் தானாக மூடிக்கொள்ளும், இன்னொரு நாள் நல்ல ஸிப் கோப்பு கெட்டுப்போனது என்று வரும். மோசமான ட்ரைவர் ஒன்றும் இப்படி அலைய வைக்கலாம். அதைப் பிடிக்க ட்ரைவர் வெரிஃபையர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. விழும்போது விண்டோஸ் எழுதி வைக்கும் டம்ப் கோப்புகள் ஐந்தாறைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்த வழியில் போவது என்று தெரிந்துவிடும். போர்மட் பண்ணுபவர் முதலில் அழிப்பது அந்தக் கோப்புகளைத்தான். சாட்சியை அழித்துவிட்டு விசாரணையைத் தொடங்குகிறார்.

திரையில் வரும் செய்தியை அப்படியே நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இன்டெல்லின் 13 ஆம், 14 ஆம் தலைமுறைப் புரொசஸர்களே போதும். 2022 ஒக்டோபரிலும் 2023 ஒக்டோபரிலும் வெளிவந்தவை அவை. அவற்றைப் போட்டுக் கூட்டிய மெஷின்களில் பெரிய விளையாட்டுகள் திறக்கும்போதே விழுந்தன. வந்த செய்தி, வீடியோ மெமரி போதவில்லை என்பது. அதை நம்பி கிராஃபிக்ஸ் கார்டை மாற்றியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். கார்டில் ஒரு பிழையும் இல்லை. விளையாட்டுக் கோப்புகளை விரிக்கும் மென்பொருளைச் செய்த ராட் கேம் டூல்ஸ் நிறுவனம்தான் புரொசஸரைக் காட்டியது. பெரிய கோர்களின் வேகப் பெருக்கியை 55 இலிருந்து 53க்கு இறக்கிப் பாருங்கள், நின்றுவிடும் என்றது. இறக்கியவர்களுக்கு நின்றது, ஏற்றினால் திரும்பி வந்தது. அந்தக் கணமே பழுது எங்கே என்பது முடிவாகிவிட்டது. புரொசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது 2024 ஜூலையில்தான். ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் மைக்ரோகோட் திருத்தங்கள் வந்தன, வாரண்டி மேலும் இரண்டு வருடம் நீட்டப்பட்டது. ஏற்கெனவே பழுதான சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது. இடைப்பட்ட காலத்தில் போர்மட்டிலேயே நம்பிக்கை வைத்திருந்தவரின் புரொசஸர் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது.

ஆனால் புது மெஷின் பழுதுகளில் மிகவும் பிடிவாதமானது ராம்தான். அதைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இன்றைய அவசரம் அதிகம் சறுக்குவது இங்கேதான். பெட்டியில் 6000 என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். பயோஸில் ராமை அந்த வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போவையோ எக்ஸ்எம்பியையோ போட்டுவிட்டு, வாங்கியதற்கு உரிய வேகம் இதுதான் என்று நினைக்கிறார்கள். அது ஓவர்கிளொக், அதாவது உறுதி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக் போட்டால் 5200. நான்கு போட்டால் 3600. இந்த இரண்டாவது எண்ணை அறிந்த விற்பனையாளரைக் காண்பது அரிது. வாடிக்கையாளர் முதலில் இரண்டு 16 ஜிபி வாங்குவார், ஆறு மாதம் கழித்து அதே கம்பனியில் அதே எண் போட்ட இன்னும் இரண்டு வாங்கி வெறுமையாக இருக்கும் இடத்தில் செருகுவார். உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். நான்கும் சேர்ந்து 6000 இல் ஓட வேண்டும் என்று கேட்டால், விண்டோஸ் திறக்கும், பாட்டுப் பாடும், மூன்றாம் நாள் விழும். கடையில் ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனித்தனியே சோதிப்பார்கள், நான்கும் தேறும். ராமில் பிழையில்லை, போர்டில்தான் பிழை என்று முடிவு கட்டிப் போர்டை மாற்றுவார்கள். பழுது எந்த ஸ்டிக்கிலும் இல்லை, போர்டிலும் இல்லை. நான்கையும் அந்த வேகத்தில் இழுக்கச் சொல்லிப் புரொசஸருக்குள் இருக்கும் மெமரி கொன்ட்ரோலரிடம் கேட்டதுதான் பழுது.

ஆகவே ஒழுங்கு ஒன்று வேண்டும், அதை மாற்றக் கூடாது. பயோஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து எக்ஸ்போ இல்லாமல் ஓட விட வேண்டும். பழுது நின்றுவிட்டால் திருப்திப்படாமல் மறுபடி எக்ஸ்போவைப் போட வேண்டும். பழுது திரும்பி வந்தால்தான் கணக்குச் சரி. ஆரம்ப நிலையிலும் விழுந்தால் ஒரே ஸ்டிக், ஏ2 இடத்தில். பிறகு அதே இடத்தில் அடுத்த ஸ்டிக். பிறகு அதே ஸ்டிக், பி2 இடத்தில். பழுது ஸ்டிக்கோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா என்பதே கேள்வி. இடத்தோடு நின்றால் போர்டைக் குற்றம் சொல்லும் முன் புரொசஸரைக் கழற்றி, சொக்கட்டின் ஊசிகளை வெளிச்சத்தைச் சரித்துப் பார்க்க வேண்டும். வளைந்த ஓர் ஊசி ஒரு சனலையே கெடுக்கும். கூலரை ஒரு மூலையில் மட்டும் இறுக்கினாலும் அப்படி நடப்பதுண்டு. தளர்த்தி, குறுக்குக்குக் குறுக்காக முடுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே. இரண்டை ஒன்றாக மாற்றியவருக்கு மெஷின் ஓடினாலும் எதனால் ஓடுகிறது என்று தெரியாது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓட விட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். பிழை வராததால் ராம் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அந்தச் சோதனையில் கிராஃபிக்ஸ் கார்ட் சூடாவதில்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பாரம் கொடுத்து, கேசிங் மூடியபடி, மின்விசிறி மட்டும் சுழலும் நம் வீட்டு அறையின் சூட்டில் பார்க்க வேண்டும். செட்டியார் தெருவில் உரைகல்லில் உரசாமல் பழைய நகைக்கு விலை சொல்வதில்லை. எங்கள் தொழிலிலும் உரசிப் பார்க்காமல் சொல்லும் தீர்ப்புக்கு மதிப்பில்லை.

ராம் பழுது என்பது வானத்திலிருந்து தற்செயலாக விழும் விபத்து, போகட்டும் என்று சிலர் சொல்வார்கள். பெரிய அளவில் பார்த்தவர்களின் முடிவு வேறு. கூகுளின் சேர்வர்களை இரண்டரை வருடம் கவனித்து 2009 இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருடத்தில் 8 வீதத்துக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகள் பிழை காட்டின. தற்செயல் பிழைகளைவிடப் பாகத்திலேயே ஊறிய பிழைகளே அதிகம் என்றும் அது கண்டது. மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து இலட்சம் தனியாள் கணினிகளின் வீழ்ச்சிகளைப் பார்த்து 2011 இல் சொன்னது எங்களுக்கு இன்னும் நெருக்கமானது: வன்பொருளால் ஒருமுறை விழுந்த மெஷின் திரும்பவும் விழும் வாய்ப்புப் பன்மடங்கு கூடுகிறது, சிறிதளவு ஓவர்கிளொக் கூட உறுதியைக் குறைக்கிறது, கூட்டிய மெஷின்கள் பெயர்பெற்ற கம்பனி மெஷின்களைவிட அதிகம் விழுகின்றன. கடைசி முடிவு கூட்டுபவர்களான எங்கள்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. டிடிஆர்5 தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்று இன்று சொல்கிறார்கள். அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம். சிப்பிலிருந்து புரொசஸருக்குப் போகும் பாதையில் கெடுவதை அது காப்பதில்லை.

அடுத்தது கரண்ட். நீலத்திரை இல்லை, டம்ப் இல்லை, பட்டென்று இருண்டு தானாக மறுபடி எழும்புகிறது, ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 மட்டும் பூச்சியக் குறியோடு இருக்கிறது என்றால் விண்டோஸிடம் கேட்க ஒன்றுமில்லை. அதற்கே என்ன நடந்தது என்று தெரியாது. புதிய கிராஃபிக்ஸ் கார்டுகள் கண்மூடித் திறக்கும் நேரத்துக்குள் தம் சாதாரண அளவின் இரு மடங்கு வரை இழுக்கக் கூடியவை. 2022 இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி அதற்காகவே, மைக்ரோ செக்கன் கணக்கில் வரும் இரு மடங்கு பாரத்தையும் பவர் சப்ளை தாங்க வேண்டும் என்று கேட்கிறது. பெட்டியில் எழுதிய வோட்ஸ் மட்டும் பார்த்து வாங்கிய சப்ளை இங்கே தோற்கும். அதோடு நம் வீடுகளையும் பார்க்க வேண்டும். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பல இடங்களில் ஏர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. உருண்டை முனையைச் சதுர முனையாக்கும் மலிவான அடப்டரும் அதை வெட்டிவிடுகிறது. கேசிங்கைத் தொட்டால் சுரீரென்று பிடிப்பது அதனால்தான். மலிவு யூபிஎஸ், பற்றரிக்கு மாறும் அந்தக் கணத்தில் மெஷினைக் கைவிட்டுவிடுவதும் உண்டு. இங்கேயும் சோதனை சுலபம்: கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 வீதமாக இறக்குங்கள், அடுத்த தடவை வேறொரு சுவர்ப் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். பழுது நின்றால் லிமிட்டைத் திரும்பவும் கூட்டுங்கள், திரும்பவும் பழைய பிளக்குக்குப் போங்கள். வருகிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, வாடிக்கையாளருக்கு நாளைக்கே மெஷின் வேண்டும், மாற்றிக் கொடுப்பதுதான் மலிவு என்பது வழக்கமான மறுப்பு. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்ட பிறகு இந்த நாட்டில் அந்த வாதம் செத்துவிட்டது. தேவையில்லாமல் மாற்றும் ஒரு போர்டு ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். வாரண்டி இருக்கிறதே என்பார்கள். நம் பில்களின் அடியில் உள்ளதை வாசியுங்கள்: ஒரு வருட வாரண்டி, அதில் 14 வேலை நாள் குறைவு, எரிந்த அடையாளம், அடிபட்டது, துருப்பிடித்தது எதற்கும் இல்லை. கடற்காற்று உப்போடு வீசும் வெள்ளவத்தையிலும் கொச்சிக்கடையிலும் துரு வர அதிக காலம் வேண்டாம். காரணம் தெரியாமல் மூன்று தடவை போர்மட் பண்ணிக் கழித்த மாதங்கள் வாரண்டியிலிருந்து கழிந்த மாதங்கள்.

இப்போதைய பொடியன்மாரிடம் இதற்கு ஒரு பதில் உண்டு: நீலத்திரையை ஃபோனில் படம் எடுத்துப் போட்டால் செயற்கை நுண்ணறிவு காரணம் சொல்லிவிடும். அது சொல்வது அந்தப் பெயர் வரக்கூடிய காரணங்களின் பட்டியலை. அந்தப் பட்டியலில் ராம், ட்ரைவர், புரொசஸர், சப்ளை எல்லாமே இருக்கும். பட்டியலைக் குறைப்பதுதான் தொழில், அதைச் செய்ய மெஷின் முன்னால் உட்கார்ந்து காத்திருக்க ஒருவர் வேண்டும். வேகமான கையும் கூர்மையான கண்ணும் இவர்களிடம் இருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. காத்திருக்கவும் எழுதி வைக்கவும் யாரும் பழக்கவில்லை. கேபிளை அழகாக மடித்துக் கட்டத் தெரிகிறது, விளக்கு எரிய வைக்கத் தெரிகிறது, டம்ப் கோப்பு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. வகுப்புகளிலும் கூட்டுவதற்குத்தான் புள்ளி, கண்டுபிடிப்பதற்கு இல்லை.

ஆகவே கணினி வாங்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்று. திருத்திய மெஷினைத் திருப்பி எடுக்கும்போது பில்லில் மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: என்ன செய்தால் பழுது வந்தது, எதை மாற்றியதும் நின்றது, பழையதைத் திரும்பப் போட்டபோது மீண்டும் வந்ததா. மூன்றாவது வரியை எழுத முடியாதவர் பழுதைப் பார்க்கவில்லை, பாகம் விற்றிருக்கிறார். பாகத்துக்கு விலை கொடுங்கள், வேலைக்கூலியை அந்த மூன்று வரிக்குக் கொடுங்கள். வாடிக்கையாளர்கள் அதைக் கேட்கத் தொடங்கினால் கடைகள் பழகிக்கொள்ளும். எங்கள் வேலையை ஸ்க்ரூ முடுக்கும் வேலை என்று சொல்வதும் அதன் பிறகு குறையும்.