கறுப்பும் ஓர் உம்மையும்

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் பூக்கற்கள் சூளையில் வேகுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, நீரில் ஊறவைத்து உலர்த்துவர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என ஒவ்வொரு வண்ணத்தையும் அதனதன் பெயராலேயே அழைப்பர். அங்கே கறுப்பு என்பது வண்ணத்தின் பெயர், அவ்வளவே.

அத்தகைய பட்டறை ஒன்றுக்குக் கல் வாங்க வந்தவர், "நேற்று எனக்குக் கல் எண்ணிக் கொடுத்த அம்மா யார்?" என்று கேட்டார். உரிமையாளரின் பேரன் தண்ணீர்த் தொட்டியருகே நின்ற பெண்களைச் சுட்டி, "கறுப்பா, உயரமா இருக்காங்களே, அந்த அக்காதான்" என்றான். அப்பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

அன்று மாலை அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தனர். வந்தவர்களுள் மூதாட்டி ஒருவர் கனிவோடுதான் சொன்னார்: "பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்கு." காலையில் சிரித்த தாய் இப்போது தலை குனிந்தார். மகள் காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே சென்றாள்.

இருவரும் சொன்னது ஒரே சொல். சிறுவன் சொன்ன கறுப்பு, உயரத்தோடு சமமாக நின்று ஒருவரை அடையாளம் காட்டியது. மூதாட்டி சொன்ன கறுப்போடு ஓர் ‘உம்’ சேர்ந்துகொண்டது. உம்மை இழிவையும் சுட்டும் என்பது இலக்கணம். அந்த ஓர் இடைச்சொல், நிறத்தைக் குறையாக்கிப் பிறகு அக்குறையை மன்னித்தது. ‘சிவப்பாக இருந்தாலும் அழகு’ என்று எவரும் சொல்வதில்லை. ‘நல்ல நிறம்’ என்றால் வெளிர்நிறம் என்றும், ‘நிறம் குறைவு’ என்றால் கறுப்பு என்றும் பொருள்கொள்ளும் வழக்கும் இத்தகையதே. நிறத்தில் ஏது குறைவு?

தமிழர் என்றும் இவ்வாறு எண்ணியவர் அல்லர். சங்கப் பாடல்கள் தலைவியின் மாமை நிறத்தை மாந்தளிரோடு ஒப்பிட்டுப் போற்றின. பிரிவுத் துயரால் அம்மாமை கெடுவதையே பசலை என்றன. மேனி வெளிறுதல் அங்கே நோயின் அடையாளம். முல்லை நிலத்தின் தெய்வமாகிய மாயோனும் கருநிறத்தவனே.

பிற்காலத்தில் எடைக்கல் மாறியது. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்னும் பூச்சு, வெளிர்நிறத்தை அழகாக்கி விற்றது. எதிர்ப்புகளுக்குப் பின் 2020இல் அதன் பெயரில் ‘ஃபேர்’ என்ற சொல் நீங்கியது. எனினும் எண்ணம் நீங்கவில்லை. 2025 மார்ச்சில் கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன், தமது பணிக்காலம் கறுப்பு என்றும், தமக்கு முன் அப்பதவி வகித்த தம் கணவரின் பணிக்காலம் வெண்மை என்றும் ஒருவர் ஒப்பிட்டதை வெளிப்படையாக எழுதினார். நிர்வாகத்தை அளக்கவும் தோலின் நிறமே அளவுகோலானது!

அப்படியாயின், நிறத்தைச் சொல்லவே கூடாதா? காணாமற்போனவரைத் தேடும் அறிவிப்புக்கு நிறம் தேவை. கறுப்பு என்னும் சொல்லுக்கு அஞ்சி அதை மறைப்பதும், அதைக் குறையென்று ஒப்புக்கொள்வதே ஆகும். ஆனால், தேவையின்றி ஒருவரை நாள்தோறும் நிறத்தால் அழைக்கும் வகுப்பறைப் பட்டப்பெயர் அடையாளம் ஆகாது. வெளிர்நிறத்தவரையும் இதே இயல்போடு இவ்விடத்தில் நிறத்தால் சுட்டுவோமா என்னும் கேள்வி, சொல்வதா வேண்டாவா என்பதைத் தெளிவாக்கும்.

மறுநாள் பட்டறையில் வேறொருவர் அப்பெண்ணைத் தேடி வந்தார். சிறுவன் முன்போலவே, "கறுப்பா, உயரமா இருக்காங்களே" என்றான். அவன் குரலில் மாற்றமில்லை. ஆயினும் அந்தத் தாய் உடனே நிமிரவில்லை. முந்தைய மாலையின் ‘உம்’ அவர் செவியில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.