மருந்து மாறினால் கணக்கும் மாறும்

கடும் வேதனைக்குக் கொடுக்கப்படும் மோர்பின் என்றாலே எம்மவர் அஞ்சுகின்றனர். முறைப்படி எடுத்தால் அது நோயாளிக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நாட்களில் மிகுந்த அவதானம் வேண்டும்.

லாச்சப்பல் பகுதியில் புற்றுநோயுற்ற பெரியவர் ஒருவர் காலையும் மாலையும் 30 மில்லிகிராம் மோர்பின் குளிசை எடுத்துவந்தார். விழுங்க முடியாது போகவே, தோலில் ஒட்டும் பென்டனைல் பாட்ச் கொடுக்கப்பட்டது. பெட்டியில் இருந்த எண் 25. பிரெஞ்சு தெரிந்த மகனுக்கு எல்லாம் விளங்கப்படுத்தப்பட்டது. வீட்டில் மருந்து கொடுப்பவரோ தாயார். அறுபது இருந்த இடத்தில் இருபத்தைந்து எப்படிப் போதும் என்று எண்ணிய அந்த அம்மா, பழைய குளிசையையும் தூளாக்கிப் பாலில் கலந்து கொடுத்தார். மறுநாள் பெரியவரை எழுப்ப முடியவில்லை. மகள் உடனே 15ஐ அழைத்ததால் உயிர் தப்பினார்.

அந்த 25 என்பது மணிக்கு 25 மைக்ரோகிராம். ஏறத்தாழ நாளொன்றுக்கு வாயால் எடுக்கும் 60 மில்லிகிராம் மோர்பினுக்குச் சமம். இவ்வாறே 60 மில்லிகிராம் கோடீனும், 50 மில்லிகிராம் டிரமடோலும் சுமார் 10 மில்லிகிராம் மோர்பினுக்கு ஈடாகக் கொள்ளப்படும். மோர்பினைத் தோலின் கீழ் ஊசியாக ஏற்றினால் வாய்வழி அளவில் பாதி போதும்.

இந்த அட்டவணையும் தொடக்கமே. பழைய மருந்துக்குப் பழகிய உடல் புதியதற்கு அதே அளவு பழகியிருப்பதில்லை. ஆகையால் கணக்கில் வந்த அளவைக் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை குறைத்துத் தொடங்கி, நோவைப் பார்த்துக் கூட்டுவது வழக்கம். முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மேலும் கவனம் தேவை.

அன்பர்களே, மருந்து மாறும்போது ஊரிலிருந்து வந்த குளிசைகள் உட்பட எல்லாப் பெட்டிகளையும் வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் மருந்து கொடுப்பவரே நேரில் செல்லட்டும். எதை, எப்போது நிறுத்துவது என எழுதி வாங்குங்கள். மிஞ்சிய குளிசைகளைப் பார்மசியில் ஒப்படையுங்கள். மெதுவாகக் கரையும் குளிசையை இடிக்கவேண்டாம். பன்னிரண்டு மணி நேரத்து மருந்து ஒரேயடியாக உடலில் சேர்ந்துவிடும். பாட்ச் உள்ள இடத்தில் ஒத்தடமும் ஆகாது. சூடு பட்டால் மருந்து அதிகமாக உள்ளே ஏறும். அதைக் கழற்றிய பின்னும் தோலில் தங்கிய மருந்து பல மணி நேரம் வேலை செய்யும்.

எழுப்ப முடியாத உறக்கமோ, மிக மெதுவான மூச்சோ கண்டால் தாமதியாது 15ஐ அழையுங்கள். பயத்தால் மருந்தை மறுத்து நோயாளியைத் துடிக்கவிடவும் வேண்டாம். அன்பு மிகுதியால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவும் வேண்டாம்.