பழைய மோரிசும் புதிய விலையும்

பழைய மோட்டார் வண்டியென்றால் பழைய இரும்பு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்த நம் நாட்டார், இப்பொழுது அவற்றைத் தேடித் தோட்டந்தோறும் அலைகின்றனர். கொட்டகையில் கோழி அடைகாத்துக் கிடந்த மோரிஸ் மைனருக்கெல்லாம் நற்காலம் பிறந்துவிட்டது!

அவ்வண்டி 1948-ஆம் ஆண்டில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். முடியுந் தறுவாயில் வண்டி ஒடுக்கமாய்த் தோன்றவே, மாதிரி வண்டியை நெடுக்கில் இரண்டாய் அறுத்து, நடுவே 4 அங்குலம் அகலம் கூட்டினாராம். 1970-களின் தொடக்கத்தில் செய்வது நிறுத்தப்படுமுன் சுமார் 16 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன.

நம் தந்தையார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக ஊழியம் பார்த்தவர். அவர் தவணையில் வாங்கிய 1958-ஆம் ஆண்டு மோரிஸ் நம்மிடம் உள்ளது. திரும்புங்கால் கதவோரத் தூணிலிருந்து சிறு கைகாட்டியொன்று வெளியே நிமிரும். மழைநாளில் நிமிர மறுக்கும்; தந்தையார் உள்ளிருந்தே தூணை ஒரு தட்டுத் தட்டுவார். பேறுகால வேதனையுற்ற பெண்களை நள்ளிரவில் ஏற்றிக்கொண்டு, செம்மண் சாலைவழி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அவர் ஓட்டிச்சென்றது எத்தனை முறை என்பதை லயத்து முதியோரே அறிவர். பின்னாசனத் தோலில் அக்கறை இன்னும் போகவில்லை. வழியிலேயே பிறந்தவனொருவன் இன்று லோரி ஓட்டுகிறான். ஊரார் அவனை 'மோரிஸ்' என்றே அழைப்பர்.

விலையேற்றத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. எஞ்சியவை சில, தேடுவோர் பலர். உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. இயந்திரம் 948 சி.சி.யே ஆதலால் இங்கு ஆண்டுச் சாலைவரி 20 வெள்ளிதான். சிங்கப்பூரிலோ 1990-இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழுக்கே 2023-இல் ஓர் இலட்சம் வெள்ளிக்கு மேல் கொடுக்கவேண்டியதாயிற்று. அங்குப் பழைய வண்டி பேணுதல் செல்வர் விளையாட்டு.

சென்ற திங்கள் நகரத்து வியாபாரி ஒருவர் வந்தார். பழைய இரும்புக்காரன் முன்னொருநாள் எடைபோட்டு எடுக்க வந்த அதே வண்டிக்கு, நம் இளவலின் ஓராண்டுச் சம்பளத்துக்கு நிகரான தொகை கூறினார். கறைபட்ட ஆசனத்தை எறிந்துவிட்டுப் புதுத்தோல் போட்டால் இன்னும் விலையேறும் என்று மகிழ்ச்சியோடு சொன்னார்!

இளவலின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும். தோட்டம் விற்கப்பட்டு, லயங்களும் இடிக்கப்பட்டபின் இஃதொன்றே எஞ்சியது என்றோம் நாம். "அப்பா இருந்தால் பிள்ளை படிப்புக்குத்தானே அண்ணே கொடுத்திருப்பார்?" என்றான் அவன். அதனை நம்மால் மறுக்கமுடியவில்லை.

விற்க இசைந்துள்ளோம். பின்னாசனத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வதாக வியாபாரியிடம் சொல்லியிருக்கிறோம். எறியப்போகும் அந்த ஆசனத்துக்காக அவர் விலையில் 500 வெள்ளி குறைத்துக் கேட்கிறார்.