கப்பலில் வந்தவரும் படகில் வந்தவரும்

விருதுநகருக்குப் புதிதாக வருகிறவரை ஊர்க்காரர்கள் முதலில் எண்ணெய்ப் பரோட்டாக் கடைக்கும் காமராசர் வீட்டுக்கும் கூட்டிப்போவார்கள். நான் ரயில் நிலையத்துக்கு அழைப்பேன். 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தண்டவாளம் வந்தபோது விருதுபட்டி என்ற இந்தச் சந்தையூர் கடலோடு இணைந்தது. பஞ்சும் வற்றலும் அந்த வழியே போயின. ஆட்களும் போனார்கள். கங்காணி திரட்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், கொழும்பில் கடை போடக் கிளம்பிய வியாபாரிகள் என்று இலங்கைக்குப் புறப்பட்டவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறிய காலம் அது.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். போட் மெயில் என்றால் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும். தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்தார்கள். எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்கவில்லை. 1985-இல் தனி மாவட்டம் ஆகும்வரை விருதுநகரும் சிவகாசியும் ராமேஸ்வரம், மண்டபம், தனுஷ்கோடியோடு ஒரே ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. கடற்கரையில் நடந்தது இந்தக் கரிசல் பூமிக்கு அந்நியக் கதை அல்ல.

சிவகாசிக்காரர்கள் பெருமையோடு சொல்லும் பயணம் வேறொன்று. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும் அச்சும் கிளைத்து இந்த வட்டாரமே எழுந்தது. அவர்கள் போன தூரம் கொழும்புக்குப் போகிறவரின் தூரத்தைவிட மிக அதிகம். ஆனால் கல்கத்தா போனவரின் பிள்ளைகளிடம் யாரும் குடியுரிமைச் சான்று கேட்கவில்லை. கொழும்பு ரயிலேறியவரின் பேரப்பிள்ளைகளிடம் இன்னும் கேட்கிறார்கள்.

இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்தத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டத்திலேயே பிறந்தவர்களும் அதில் அடக்கம். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. சாஸ்திரி பிரதமராகக் காரணமாக இருந்த காமராசர் அப்போது காங்கிரஸ் தலைவர் என்பதை அவர் பிறந்த ஊரைப் பற்றி எழுதும்போது சொல்லாமல் விட முடியவில்லை.

இரண்டு மாதம் ஆகவில்லை. டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியைத் தண்டவாளத்தோடு கொண்டுபோனது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையுமாக அதில் வந்து இறங்கியவர்கள் 'தாயகம் திரும்பியோர்' ஆனார்கள். அவர்களுக்குக் கடன் கொடுக்க 1969-இல் ரெப்கோ வங்கி வந்தது. நூற்பாலைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வேலை கொடுத்தார்கள். வாழ்க்கை கடினம்தான், ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் குடிமக்கள்.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பின் கப்பல் நின்றது. என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்தியக் குடியுரிமை கிடைத்தும் கிளம்ப முடியாமல் 80,000-க்கு மேற்பட்டோர் இலங்கையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைக்க 2003-இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. உயிருக்குப் பயந்து மீன்பிடிப் படகில் ராமேஸ்வரம் கரையேறியவர்களோ அகதிகள் ஆனார்கள். அண்ணன் 1975-இல் கப்பலில் வந்திருந்தால் வாக்காளர். தம்பி 1990-இல் படகில் வந்திருந்தால், 2003-இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, சட்டவிரோதக் குடியேறி. இருவருக்கும் பாட்டன் ஒருவரே.

அந்தத் தம்பிகளின் குடும்பங்களை இந்த மாவட்டத்திலேயே பார்க்கலாம். அர்ச்சுனா நதி அணையுள்ள ஆனைக்குட்டம், கௌசிகா நதி நீர்த்தேக்கமுள்ள குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு, சிவகாசிப் பக்கம் செவலூர் என முகாம்கள் இருக்கின்றன. ஈழத்தின் வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவர்களும் அங்கே உண்டு. மலையக வேர் உள்ளவர்களும் உண்டு. 2021-இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, உதவித்தொகையை உயர்த்தியது, புது வீடுகள் கட்டத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனாலும் பெயிண்ட் அடிக்க வெளியூர் போன இளைஞர் தணிக்கை நாளுக்கு முகாம் திரும்ப வேண்டும். படித்துப் பட்டம் வாங்கினாலும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலில் வந்து சிவகாசி ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, இருக்கவும் கூடாது. இதே மாவட்டத்தில் பிறந்து, கரிசல் தமிழ் பேசி வளர்ந்த முகாம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தர 2022-இல் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதால் அது முடிந்தது. அதன்பின் பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. 2025-இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. தண்டனை இல்லை என்பது குடியுரிமை ஆகாது.

மலையக வேர் உள்ளவர்களையாவது 1964 ஒப்பந்தத்தின் மீதிக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம். அவர்களை ஏற்பதாக இந்தியா கையெழுத்துப் போட்டது. அழைத்துவரக் கப்பல் இல்லாமல் போனது அவர்கள் குற்றமல்ல. பழைய குடும்ப அட்டையோ தோட்டப் பதிவோ எது கையில் இருந்தாலும் அதை வைத்து விசாரணையைத் தொடங்கலாம். குடியுரிமை விண்ணப்பம் ஆட்சியர் வழியாகவே தில்லிக்குப் போகிறது. விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக்குக் குல்லூர்சந்தை பக்கம்தான்.