கவாத்துக் காலம்

போர்தோவுக்கு எந்த மாசம் வர்றது நல்லது என்று வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். 2017-இல் புது ரயில் தடம் வந்தபிறகு பாரீஸிலிருந்து இரண்டு மணி நேரம்தான். அதனால் பிரான்ஸ் வருகிற எல்லோருக்கும் இந்த ஊரை ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. பயண வழிகாட்டிகள் மே, ஜூன், செப்டம்பர் என்கின்றன. நானும் அதையே சொல்லி முடித்துக்கொள்வேன். அப்பா கேட்டபோதுதான் அப்படிச் சொல்லி முடிக்க முடியவில்லை.

அவரால் ஒரே ஒருமுறைதான் வர முடியும். டிக்கெட் காசு, விசா, முழங்கால் வலி, எல்லாவற்றுக்கும் மேலே தோட்டம். கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை. பத்து நாள் சேர்ந்தாற்போல அதை விட்டு அவர் எங்கேயும் போனதில்லை. நான் இங்கே படிப்பது திராட்சைக்கு வரும் பூஞ்சை நோய்களைப் பற்றி. சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை நான் 'ஒயின் படிக்கிற' பிள்ளை. அப்பா குடிக்கமாட்டார், குடிக்கிறவர்களோடு பேசவும் மாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஒயின் ஊரில் எதைக் காட்டுவது?

ஆனால் இந்த ஊரின் பேர் எனக்கு முன்பே அவருக்குத் தெரியும். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். தமிழ்நாட்டில் திராட்சை வைத்தவர், மிளகு வைத்தவர் எல்லோருக்கும் தெரிந்த போர்டோ கலவை. அது இந்த ஊர்ச் சரக்கு. 1870-களின் கடைசியில் அடிச்சாம்பல் நோய் பிரான்சுக்குள் புகுந்து கொடிகளை அழித்துக்கொண்டிருந்தது. 1882-இல் மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் செயிந்த் ஜூலியன் பக்கம் போகும்போது, பாதையோரக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் இருப்பதைக் கவனித்தார். வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க, விஷம் மாதிரித் தெரியட்டும் என்று அந்தக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்தார்கள். மூன்று வருடம் சோதித்து 1885-இல் மருந்தை அறிவித்தார். "களவாணிப் பயலுகளுக்கு அடிச்ச மருந்தாத்தா அது?" என்று அப்பா போனிலேயே அவ்வளவு சிரித்தார்.

சரி, எந்த மாசம்? ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

கோடையில் ஊர் அழகாகத்தான் இருக்கும். கரோன் ஆற்றங்கரையில், பழைய பங்குச்சந்தைச் சதுக்கத்துக்கு எதிரே, தரையில் மெல்லிய தண்ணீர்ப் பரப்பு ஒன்று உண்டு. 'தண்ணீர்க் கண்ணாடி' என்பார்கள். கட்டடம் முழுக்க அதில் தலைகீழாகத் தெரியும், குழந்தைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் நம்மூரைத் தோற்கடிக்கிற நாட்களும் வரும். 2022 ஜூலையில் பக்கத்துப் பைன் காடுகள் எரிந்தன. ஆகஸ்ட்டில் பல சின்னத் தோட்டக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள்.

செப்டம்பர், அக்டோபர் அறுவடை. எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். ஆனால் பாதிக்கு மேல் இடங்களில் பறிப்பது இயந்திரம். கையால் பறிக்கிற பெரிய தோட்டங்களில் அந்த வாரங்களில் நம்மோடு நின்று பேச யாருக்கும் நேரமில்லை. இலையுதிர்காலத்துக் காலைப் பனிமூட்டத்தில் பூஞ்சை பிடித்துச் சுருங்கும் சொதேர்ன் பழங்களை மட்டும் இன்னமும் கையால், பல தடவை திரும்பத் திரும்பப் போய்ப் பொறுக்குவார்கள். அது பார்க்க வேண்டியதுதான்.

ஏப்ரலில் உலகத்து வியாபாரிகளெல்லாம் வந்து, பீப்பாயில் இன்னும் பக்குவப்படாத போன வருட ஒயினை ருசிபார்த்து விலை பேசுவார்கள். ஓட்டல் அறை கிடைக்காது. அதே மாதத்தில்தான் தோட்டக்காரருக்குத் தூக்கம் கிடையாது. துளிர்த்த பிறகு ஒரே ஒரு இரவு உறைபனி விழுந்தால் போதும். 2017 ஏப்ரல் கடைசியில் அப்படித்தான் விழுந்தது.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அங்க கவாத்து எப்பத்தா?"

டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை, என்றேன். பொங்கலுக்கு முன்னால் அவருக்குக் காய் வெட்டு முடிந்துவிடும். அடுத்த கவாத்து வரை கொடிக்கு ஓய்வு. 2024 ஜனவரி கடைசியில் வந்து இறங்கினார். தண்ணீர்க் கண்ணாடி குளிருக்காக நிறுத்தப்பட்டு வெறும் கருங்கல் தரையாகக் கிடந்தது. வானம் சாம்பல், தூறல், மத்தியானத்திலும் பத்து டிகிரி தாண்டவில்லை. குரங்குக் குல்லாவோடு டிராமில் உட்கார்ந்திருந்தார்.

செயிந்த் எமிலியோனுக்கு ரயிலில் போனோம். ஸ்டேஷனில் இறங்கி ஊருக்குள் நடக்கிற இருபது நிமிடமும் தோட்டத்துக்கு நடுவேதான். கோடையில் அங்கே பச்சைச் சுவர் மட்டும் தெரியும். இப்போது ஒரு இலை இல்லை. ஒவ்வொரு கொடியின் முறுக்கும், வெட்டுக்காயமும், வயதும் தெரிந்தது. கம்பத்தில் குளிர் கிடையாது, கொடி தூங்காது. கவாத்து செய்தால் துளிர்க்கும், நாலு மாதத்தில் காய். அதனால் வருடம் பூராவும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். தூங்குகிற திராட்சைக் கொடியை அப்பா அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாகப் பார்த்தார். நின்று தொட்டுப் பார்த்தார்.

ஒரு ஆள் இடுப்பில் பேட்டரி கட்டி, மின்சாரக் கத்தரியால் வெட்டிக்கொண்டு போனார். கொடிக்கு ஒன்றிரண்டு குச்சியை விட்டுவிட்டு மீதியெல்லாம் கீழே. "இம்புட்டு வெட்டுனா என்னாத்தா மிஞ்சும்? அதுவும் இடுப்பு உசரத்துல. நாம அண்ணாந்தே கழுத்து போச்சு, இவங்களுக்குக் குனிஞ்சே இடுப்பு போயிருக்கும்." அந்த மனிதர் அப்பாவைக் கவனித்துவிட்டுக் கத்தரியை நிறுத்தினார். அப்பா ஒரு குச்சியைக் காட்டினார். அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்துக் குச்சியைக் காட்டி, அதன் கண்ணை விரலால் தட்டினார். அப்பா குனிந்து பார்த்து, "ஆமா, அதுதான் சரி" என்றார் தமிழில். அந்த மனிதருக்கு அது புரிந்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் என்னோடு படிக்கும் தோழி தன் காரில் ஆந்த்ர தூ மேர் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே வயலுக்கு வயல் பிடுங்கிப்போட்ட கொடிகள், வேரோடு குவியல் குவியலாக. பிரான்சிலேயே சிவப்பு ஒயின் குடிப்பது குறைந்துவிட்டது, சீனாவும் முன்போல வாங்குவதில்லை. விற்கிற விலை செலவுக்கே காணவில்லை. 2023-இல் அரசும் ஒயின் சங்கமும் சேர்ந்து, கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ தருவதாக அறிவித்தன. சுமார் 9,500 ஹெக்டேருக்குத் திட்டம். கோடையில் வருகிறவர் கண்ணில் இது அவ்வளவாகப் படாது. பிடுங்கின நிலத்தில் புல் முளைத்திருக்கும், பக்கத்து வயல் பச்சையாக மறைத்துவிடும்.

அப்பா மனக்கணக்குப் போட்டார். ஏக்கருக்கு ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. "வைக்கிறதுக்குக் கடன் குடுப்பாங்க. பிடுங்குறதுக்கும் காசு குடுக்குறாங்களா?" கொஞ்ச தூரம் போனபிறகு, கார் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "நானும் பாதிப் பந்தலை எடுத்துரலாம்டு இருக்கேன். நீ பரிச்சைக்குப் படிக்கிறப்ப போன்ல சொல்ல வேணாம்டு இருந்தேன்."

2023-இல்தான் எங்கள் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியதும் அப்பாதான். விலை பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் காரில் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: வியாபாரி பாக்கி, மருந்துச் செலவு, வேலைக்கு ஆள் கிடைக்காதது. முன்னால் உட்கார்ந்து ஓட்டிய தோழி, நாங்கள் பேசுவது என்னவென்று கேட்கவில்லை. அவள் தாத்தா தோட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது.

ஆகவே இப்போது யாராவது கேட்டால் முதலில் திருப்பிக் கேட்கிறேன்: ஊர் பார்க்கவா, கொடி பார்க்கவா? ஊர் என்றால் மே கடைசி, ஜூன் முதல் வாரம். பூக்கிற நேரம், இரவு பத்து மணி வரை வெளிச்சம். கொடி என்றால் ஜனவரி. அறை மலிவு, கூட்டமில்லை, முன்கூட்டிச் சொல்லிவிட்டால் தோட்டக்காரரே உட்கார்ந்து பேசுவார். சேறு ஒட்டாத பூட்ஸ் என்று ஒன்று கிடையாது, இருந்தாலும் நல்லதாக ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள்.